மேட்டுக் கதவு

கோவேறு கழுதைகளுக்குச் சேணம் பூட்ட வெர்னா மல்லாடிக்கொண்டிருந்தாள். அப்பா வந்தால் அவை தாமாகவே கழுத்தைக் கொடுக்கும். இவளிடம் முரண்டு பிடித்தன.

"இன்னைக்கு ஒரு நாளாவது மானத்த வாங்காதீங்கடி" என்றாள். வண்டியில், வெள்ளைத் துணிக் கூரையின் கீழே, அப்பா ஆர்லோ சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார்.

ஆர்லோ ஆறு வயதில், கிழக்கு நகரங்களின் அநாதைப் பிள்ளைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் வளர்ப்பவர்களிடம் ஒப்படைத்த அநாதை ரயிலில் இந்த நெப்ராஸ்கா ஊரில் வந்து இறங்கியவர். பிளாட்பாரத்தில் நிற்க வைத்து, சந்தை மாட்டுக்குப் பார்ப்பதுபோல் பல்லைப் பார்த்துவிட்டு ஒரு விவசாயி கூட்டிப்போனார். நரைத்த பிறகும் ஊருக்கு அவர் 'ரயில் பையன்'தான்.

ஊரின் பெருமையோ வண்டிகள். இந்தப் புல்வெளிக்கு முதலில் வண்டி கட்டி வந்து, மண்கட்டி வீடு எழுப்பி, பாதிப் பேரைக் குளிருக்குப் பறிகொடுத்த குடும்பங்கள். அவர்கள் வம்சத்துக்கு மட்டும்தான் மேட்டுக் கல்லறை; மற்றவர்களுக்குக் கீழே பள்ளத்தில். அவர்களுக்கும் முன்னால் பானி பழங்குடியினர் அங்கே தம் மக்களைப் புதைத்திருந்ததை எந்த விழாவிலும் யாரும் நடித்துக் காட்டியதில்லை.

அந்த வண்டிகளின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஜூலை ஊர்வலத்தில் ஊரை நிறுவிய கேப்டனின் வேடம் ஆர்லோவுக்கு. தாடியும் கழுதைகளும் அவரிடம்தானே இருந்தன! மேட்டுக் கல்லறைக் கதவு வரை வண்டியை ஓட்டிப்போய், இறங்கி, கழுதைகளுக்கு ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்து, கொக்கியை எடுத்து உள்ளே நடத்திப் போவார். ஊரே கை தட்டும்.

கடைசியாக மூச்சு வாங்கிக் கிடந்தபோது, "மேட்டுல ஒரு ஓரம் போதும்மா. வேலியோரமா இருந்தாலும் சரி" என்றார். வாழ்நாளில் அவர் கேட்டது அது ஒன்றுதான். வெர்னா ஓடிப்போய்க் கல்லறைக் குழுத் தலைவி ஹல்டாவின் வாசலில் நின்றாள். ஹல்டா அந்தக் கேப்டனின் பேத்தி.

"உங்கப்பா தங்கமான மனுஷன், யாரு இல்லேன்னா? ஆனா வண்டியில வந்தவங்க மேட்டுல, ரயில்ல வந்தவங்க பள்ளத்துல. நான் வச்ச சட்டமா இது?"

"முப்பது வருஷமா உங்க தாத்தா வேஷத்த அவருதானேக்கா போட்டாரு?"

"வேஷம் வேற, வம்சம் வேற, வெர்னா."

வீடு திரும்பிய வெர்னா, "சரின்னுட்டாங்கப்பா" என்று பொய் சொன்னாள். அவர் சிரித்தார். அன்று சாயங்காலமே போய்விட்டார்.

இப்போது வண்டிக்குப் பின்னால் கார்கள் ஊர்ந்து வந்தன. குழி பள்ளத்தில் தயாராக இருந்தது. பாதை பிரியும் இடத்தில் வெர்னா கடிவாள வாரைப் பள்ளம் இருந்த இடப்பக்கம் இழுத்தாள். கழுதைகள் கேட்கவில்லை. விறுவிறுவென்று மேடேறி, கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டன.

ஹல்டா காரிலிருந்து இறங்கி வந்தாள். "இது என்ன வம்பு வெர்னா?"

"நான் ஓட்டலக்கா. அதுங்களுக்குத் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான்."

ஹல்டா கதவைப் பார்த்தாள். பிறகு தன் கையுறைகளைப் பார்த்தாள்.

கழுதைகள் காதை விறைத்துக்கொண்டு காத்திருந்தன. இந்நேரம் ஆர்லோ ஆப்பிளோடு இறங்கியிருக்க வேண்டும். மூத்தது கழுத்தைத் திருப்பி வண்டியைப் பார்த்தது.

அவள் இறங்கினாள். கொக்கியைத் தொடவில்லை. போட்டிருந்த அப்பாவின் கோட்டுப் பைகளைத் துழாவினாள். ஆப்பிள் ஒன்றும் இல்லை. வெறுங்கையை நீட்டினாள். கழுதைகள் அதை வெகுநேரம் முகர்ந்துவிட்டு, அவளோடு கீழே பள்ளத்துக்கு நடந்தன.