கடைசிப் பெட்டி

"நீ ஓட்டுற ரயில்ல என் கால் படாது" என்று மகளிடம் அடித்துச் சொன்ன அப்பா, அவள் மெட்ரோ ரயில் ஓட்டும் முதல் நாளே கடைசிப் பெட்டியில் பதுங்கி உட்கார்ந்திருந்தார். மேம்பாலத் தண்டவாளம் கடைசி நிலையத்தோடு அந்தரத்தில் முடிந்துவிடும். அதற்குள் மகள் வண்டியை நிறுத்திவிட வேண்டுமே என்று கம்பியோடு மூச்சையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

ரயில் பூப்போல வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். இறங்கினால் மகள் பார்த்துவிடுவாள் என்று, அதே வண்டியில் திரும்பிவிட அவர் அசையாமல் இருந்தார். திரும்பும்போது கடைசிப் பெட்டிதான் முதல் பெட்டி என்பது அந்த மனுஷனுக்கு எங்கே தெரியும்?

ஓட்டுநர் அறைச் சாவியோடு இந்த முனைக்கு வந்த மகள் அவரைப் பார்த்து நின்றாள்.

"காலைத் தூக்கிக்கிட்டே வந்தீங்களாப்பா?"

கம்பியை விடாமலே அவர் முறைத்தார்.

"பேச்சு வேணாம். வந்த மாதிரியே ஓட்டு."