தங்கப்பன் மாமாவின் மழு

பிலாத்து வாட்ச் கட்டியிருந்தான். பார்க்காததுபோல இருந்துவிடலாம் என்றுதான் ஷிஜி நினைத்தாள். ஆனால் கைகழுவுவதற்காக அவன் அங்கியை முழங்கைவரை ஏற்றியபோது அந்தக் கறுப்பு வாட்ச், நேரம் போதாதென்று அவன் நடந்த நடையையும் கணக்குக் காட்டிக்கொண்டு மினுங்கியது.

"உண்ணி, அதைக் கழட்டு."

"வெள்ளி அண்ணைக்குக் கழட்டிருவேன் டீச்சரே. இண்ணைக்கு ஒத்திகைதானே?"

எல்லாமே வெள்ளி அன்றைக்குத்தான். வேரோணிக்கா அக்காள் நெய்யாற்றின்கரை ஜவுளிக்கடையின் பெயர் அச்சடித்த துண்டால் கர்த்தரின் முகத்தைத் துடைப்பாள். வெள்ளி அன்றைக்கு வேறு துண்டு கொண்டு வருவாளாம். ரோமப் போர்வீரர்கள் சாக்ஸ் போட்டிருப்பார்கள். வெள்ளி அன்றைக்குக் கழற்றுவார்களாம். சொல்லிச் சொல்லி ஷிஜிக்கு வாய் வலித்துப்போயிற்று. சனியன் பிடித்த இந்த வேலையை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். இந்தப் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளிக்குப் போடும் பாடுகளின் நாடகத்தை ஒரு பெண் நடத்துவது இதுதான் முதல் தடவை. கமிட்டிச் செயலாளர் பொன்னுதாஸ் கீ கொடுத்த பொம்மைபோலத் தலையாட்டிவிட்டு, "இந்த ஒரு வருஷம் பாப்போம், சொதப்பினா பின்ன கேக்கப்பிடாது" என்று பங்குக் குருவான அச்சன் முன்னாலேயே சொல்லியிருந்தார். சொதப்பக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். நெய்யாற்றின்கரையில் ஒரு டியூட்டோரியலில் வரலாறு நடத்துகிறவள், தன் சொந்தப் பங்கில் ஒரே ஒரு முறையாவது, முதல் நூற்றாண்டு முதல் நூற்றாண்டு மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அது ஒரு குற்றமா?

வாட்ச், சாக்ஸ் எல்லாம் கிடக்கட்டும். கடைசிநாள் அதட்டினால் கழன்றுவிடும். கழலாத சங்கதி ஒன்று இருந்தது. அது தங்கப்பன் மாமாவின் மழு.

மழு என்று ஊர்தான் சொல்லும். ஆள் உயரத்துக்கும் மேலே போகும் ஒரு கம்பு. அதன் தலையில் கோடாலி இலை, கோடாலிக்குப் பின்புறம் வளைந்த கொக்கி, உச்சியில் ஈட்டிமுனை. ஹால்பர்ட். கோயிலுக்குள் பலிபீடத்துக்கு இடதுபக்கம் மாட்டியிருக்கும் பழைய சிலுவைப்பாட்டுப் படத்தில் சிலுவையைச் சுற்றி நிற்கிற பட்டாளக்காரர்கள், கோடுபோட்ட கால்சட்டையும் இறகு செருகிய தொப்பியுமாக இதைத்தான் பிடித்திருக்கிறார்கள். எந்தக் காலத்திலோ யாரோ அந்தப் படத்தைப் பார்த்து ஒரு கொல்லனிடம் அடித்து வாங்கிவிட்டார்கள். வரைந்தவன் ஐரோப்பாக்காரன். எருசலேமை அவன் எங்கே கண்டான்? தன் ஊர்க் கோட்டைவாசலில் காவல் நின்றவனைக் கூப்பிட்டுச் சிலுவையடியில் நிறுத்திவிட்டான். கர்த்தர் மரித்து ஆயிரத்து முன்னூறு வருஷம் கழித்து வந்த ஆயுதம்! சுவிஸ் நாட்டுக் காலாட்கள் குதிரைமேல் வருகிற பிரபுவை அந்தக் கொக்கியால் மாட்டிக் கீழே இழுத்து, கோடாலியால் கதையை முடிப்பார்களாம். இதை அவள் கமிட்டியில் கையால் இழுத்தே காட்டி விளக்கினாள். எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள். பொன்னுதாஸ் மட்டும், "நல்ல சாதனமாக்கும், பின்ன அதை எதுக்குக் களையணும்?" என்றார். ஷிஜி தலையில் அடித்துக்கொண்டாள்.

தங்கப்பன் மாமா வீடு செங்கல் என்கிற ஊரில். மேஸ்திரி வேலை. கோயிலுக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் கிடையாது, மாலை போட்டு மலைக்குப் போகிறவர். மகன் ஷிஜு குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்திருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து பிராந்து பிடித்தவள்போல இறங்கி வந்த அவன் அம்மா விஜயம்மாவின் முன்னால் பெரிய வெள்ளி நாடகம் ரோட்டை அடைத்துக்கொண்டு போயிருக்கிறது. கூட்டத்துக்கு மேலே அவள் கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஈட்டிமுனை மட்டும்தான். பிள்ளை பிழைத்தால் அவன் அப்பன் இதைப் பிடித்து நடப்பான் என்று அங்கேயே நேர்ந்துவிட்டாள். பிள்ளை பிழைத்தான். இப்போது வளைகுடாவில், சலாலாவில் ஏசி மெக்கானிக். அப்பன் வருஷாவருஷம் சிவப்புப் பாவாடையும் தகரத்தொப்பியும் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"மாமா, உங்களை வேண்டாம்னு சொல்லல்ல. அதைத்தான் வேண்டாம்னேன். சின்ன வாளு தாறேன், அதைப் பிடிச்சுட்டு நில்லுங்க" என்றாள் ஷிஜி, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து.

அவர் விரல்களில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினார். "வாளு எனக்க நேர்ச்சையில இல்லையே மக்கா."

"ரோமாக்காரன் கையில இது இருந்ததே இல்லை மாமா."

"நீ படிச்சவ, செரியாத்தான் இருக்கும். நான் சண்டைக்கு வரல்ல, இந்த வருஷம் வேஷமும் கெட்டல்ல." சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "விஜயம்மா, டீச்சருக்கு சாயா எடு" என்றார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சாயாவைக் குடித்து முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஜெயித்த மாதிரியே இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம், சரி என்றால் சரிதானே, சரியான ஒன்றைச் செய்வதற்கு ஏன் இப்படித் திருடியைப்போல முழிக்க வேண்டும் என்று ஸ்கூட்டரிடம் எரிந்து விழுந்தாள்.

பெரிய வெள்ளி வந்தது. சிலுவையை அன்றைக்குத்தான் பாறைமேல் நாட்டுவார்கள். அதற்கு முன்னால் நிமிர்த்தினால் ஊருக்கு ஆகாது என்பது இங்கே வழக்கம். ஒத்திகையெல்லாம் பங்கு ஹாலுக்குள்தான். கர்த்தராக நடித்தது ஷிஜியின் வீட்டுக்காரன் டெனில். தூணில் சாய்ந்து கையை விரிப்பான், தலையைத் தொங்கப்போடுவான், "பின்ன எறக்குவாங்க" என்று சொல்லிவிட்டு சாயா குடிக்கப் போய்விடுவான். பின்னே எப்படி இறக்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வருஷாவருஷம் இறக்குகிறார்கள்தானே!

நாடகம் நன்றாகவே போயிற்று. உண்ணியின் மணிக்கட்டில் வாட்ச் கிடந்த வெளுத்த தடம் மட்டும். ஒரு சாக்ஸ்கூட இல்லை. வீரர்கள் குட்டை வாளும் நீள்சதுரக் கேடயமுமாக நின்றார்கள். பங்கின் யூடியூப் சேனலில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஷிஜி மஞ்சள் சுடிதாரில், வசனத்தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தாள். இதுதான், இதைத்தான் கேட்டேன் என்று நினைத்தாள்.

டெனில் தலை சாய்த்தான். செண்டை மேளம் நின்றது. உடலை இறக்க வேண்டிய நிக்கோதேமு நீள வெள்ளைத்துணியோடு சிலுவையடிக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்.

துணியைக் கர்த்தரின் கக்கத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் சிலுவைக் கைகளுக்கு மேலே போட வேண்டும். பின்னால் நிற்பவர்கள் அதை இழுத்துப் பிடிப்பார்கள். பிறகு மணிக்கட்டின் சுருக்குமுடிச்சுகளை உருவிவிட வேண்டும். டெனிலைப் படுத்த சிலுவையில் கட்டித்தான் நிமிர்த்தியிருந்தார்கள். பாறை சரிவு, ஏணி நிற்காது. இத்தனை வருஷமும் துணியை மேலே கொடுத்ததும் முடிச்சை உருவியதும் தங்கப்பன் மாமாவின் கொக்கி.

ஒருவன் வாளால் எட்டிப் பார்த்தான். இடுப்புக்குத்தான் எட்டியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பொன்னுதாஸ் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"டீச்சரே, பலாச்சக்கை பறிக்கிய துரட்டி கெடக்கு, எடுக்கட்டா?"

"அரிவாள் கெட்டினதா? அவருக்க கையைத்தான் அறுக்கும்!"

"பின்ன சிலுவையோட சேத்துச் சாய்ப்போம்."

"நேரடியா ஓடுது சேட்டா! கர்த்தரைப் போஸ்ட்டுமரம் மாதிரி சாய்ப்பீங்களா?"

மரித்த கர்த்தர் உதட்டை அசைக்காமல், "ஏட்டி ஷிஜி, கை போச்சு" என்றார். மைக் அதையும் பிடித்துக்கொண்டது.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். கோயில்வாசல் கொடிமரத்தில் மழு சாய்ந்திருந்தது. வேஷம் இல்லாவிட்டாலும் அந்தச் சாமான் அன்றைக்கு அங்கே நிற்கட்டும் என்று விஜயம்மா பிடிவாதமாகக் கொண்டுவரச் செய்திருந்தாள். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் தங்கப்பன் மாமா.

"மாமா, வாங்க. துணி... முடிச்சு... எறக்க முடியல்ல."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, நானும் அதை நெனைக்கல்லியே மக்கா."

"வாங்க மாமா."

ஒரு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். கோபமா, ரோஷமா, தெரியவில்லை. "வேண்டாம்னு சொன்னது என்னையா, இதையா?"

"இதை" என்றாள் ஷிஜி. வேறு என்ன சொல்வது?

"அப்பம் இப்பம் வேணும்கியதும் இதைத்தானே. கொண்டு போ. நான் வேஷக்காரன் இல்லை."

கையில் வாங்கியதும் கனம் அவளை ஒரு பக்கம் சாய்த்தது. போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். குதிரைமேல் இருப்பவனைக் கீழே இறக்க, உயரத்தில் இருப்பவனை இறக்க என்று கை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தினாயே மூதேவி, கேட்டுக்கொண்டிருந்தது யாருடைய காது?

கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். துணியைக் கொக்கியில் மாட்டி ஏற்றினாள். முதல் தடவை டெனிலின் மூக்கில் விழுந்தது. இரண்டாவது தடவை கக்கத்துக்கடியில் போயிற்று, ஒரு முனை சிலுவைக்கையைத் தாண்டியது, பிறகு மறுமுனை. பின்னால் நின்றவர்கள் இழுத்துப் பிடித்தார்கள். கண்ணாடி மூக்குநுனிக்கு இறங்கிவிட, கண்ணைச் சுருக்கிக்கொண்டு முடிச்சைத் தேடி உருவினாள். இடது கை விழுந்தது. வலது கை விழுந்தது. டெனில் வெள்ளைத்துணியில் மெதுவாகச் சறுக்கி இறங்கினான். நிஜமாகவே செத்தவன்போல இருந்தான். கூட்டத்தில் ஒருத்தி விம்மினாள், பிறகு பலர்.

இறங்கியதும் ஓடிவிடலாம் என்றிருந்தாள். ஆனால் மாதா புலம்பத் தொடங்கிவிட்டாள். வியாகுலப்பாட்டு முடியும்வரை யாரும் அசையக்கூடாது. காமிரா நேராக அவள்மேல் இருந்தது. முதல் நூற்றாண்டு எருசலேமில், குட்டை வாள் வீரர்களுக்கு நடுவில், மஞ்சள் சுடிதாரும் கண்ணாடியுமாக, கையில் ஹால்பர்ட் பிடித்துக்கொண்டு ஒரு டியூட்டோரியல் டீச்சர். அழுகை வந்தது. எரிச்சலில் வந்ததுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

கயிற்றருகே தங்கப்பன் மாமா தெரிந்தார். கையை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்தி, நேராகப் பிடி, இன்னும் உயர்த்து என்று சைகை காட்டினார். பிறகு தலையைத் திருப்பிக் கூட்டத்தின் கடைக்கோடியைப் பார்த்தார். அங்கே, இத்தனை தலைகளுக்கும் பின்னால், குள்ளமான விஜயம்மா எங்கோ எக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஷிஜி இரண்டு கையாலும் கம்பை இறுக்கிப் பிடித்து, முனை எல்லாத் தலைகளுக்கும் மேலே தெரியும்படி, எட்டினமட்டும் உயர்த்தினாள்.