உள்ளூர் மொழி தெரிந்த மாணவி

பாயில் ஒன்பது தட்டுகள் வைத்திருந்தார்கள். வீட்டு எஜமானி ரம்பு ஹராகாய் வந்து பார்த்தாள். குனிந்து ஒரு தட்டை எடுத்தாள்.

"கஹி, இதை அடுப்படிக்குக் கொண்டு போ. உன் மக அங்க தின்னட்டும்."

பாயில் இருந்த மாணவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குபாங் நகரத்திலிருந்து கப்பலில் ஓர் இரவு, பிறகு லாரியில் அரை நாள் என்று குலுங்கி வந்து, சும்பாத் தீவின் கிழக்கே இந்தக் கிராமத்தில் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தட்டு பறிபோனவள் யுப்லினா. அவர்களுடைய குழுத் தலைவி. அவள் அம்மாதான் கஹி. அம்மா வருவதற்குள் யுப்லினாவே எழுந்து தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஃபுளோரஸ் தீவுக்காரன் கோரிஸ், நாமும் அடுப்படிக்கே போய்விடுவோம் என்று எழுந்தான். யுப்லினா வாசலிலிருந்து திரும்பிப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். உட்கார்ந்துவிட்டான். பசியும் இருந்தது, மதிப்பெண் பயமும் இருந்தது. எட்டுப் பேரும் சாப்பிட்டார்கள்.

எங்கள் தீவில் பெயருக்கு முன்னால் உம்பு, ரம்பு என்று இருந்தால் ஆண்டைகள். ஒன்றும் இல்லாதவர்களில் பலர் 'அத்தா'. அதாவது அடிமை. அப்படி ஒன்று கிடையாது என்று சட்டம் சொல்லி எத்தனையோ காலம் ஆகிறது. ரம்பு ஹராகாயின் கணவர் உம்பு ஹுங்காவின் வீட்டுக்குச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. அந்த வீட்டில் பிறந்த யுப்லினாவைப் பன்னிரண்டு வயதில் வைங்காபு நகரத்து உறவினர் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்பினார்கள். பக்கத்துப் பாதிரியாரின் மனைவி அவளைப் பள்ளியில் போட்டாள். அரசு உதவித்தொகை அவளைக் குபாங்கில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் நாற்பது நாள் கிராம சேவை முடிக்காதவருக்குப் பட்டம் இல்லை. யாரை எங்கே அனுப்புவது என்று பட்டியல் போட்ட அலுவலகம், உள்ளூர் மொழி தெரிந்த மாணவி ஒருத்தி இருந்தால் நல்லது என்று நினைத்தது. பிறந்த ஊர் என்ற இடத்தில் அவள் எழுதியிருந்ததைப் பார்த்து அங்கேயே அனுப்பியது. தலைவியாகவும் போட்டது. ஊரை மாற்றிக் கொடுங்கள் என்று அவள் இரண்டு முறை போய் நின்றாள். அம்மா கையால் சாப்பிடக் கசக்கிறதா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். மதிப்பெண்ணில் பாதி கிராமத் தலைவரின் கையில் இருந்தது. கிராமத் தலைவர் உம்பு ஹுங்கா.

பகலெல்லாம் யுப்லினா மற்றவர்களோடு வீடு வீடாகக் கணக்கெடுத்தாள், பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடித்தாள், குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்த எட்டுப் பேருக்கும் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். பல்கலைக்கழகத்தின் நீலக் கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று ரம்பு சொல்லியிருந்தாள்.

மூன்றாவது வாரம் உம்பு அவளைக் கூப்பிட்டுவிட்டார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். மகளுக்கு மேற்கே ஒரு பெரிய இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

பெரிய வீட்டுப் பெண் புகுந்த வீட்டுக்குத் தனியாகப் போக மாட்டாள். குதிரை, துணி, பாசிமணியோடு ஒரு அத்தாப் பெண்ணும் கூடப் போவாள். போனால் போனதுதான், அவள் அந்த வீட்டுச் சொத்து. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ரம்பு ஹராகாயோடு அப்படி வந்தவள்தான் கஹி. அவளுடைய அம்மா செத்த சேதி இரண்டு அறுவடை கழித்துத்தான் அவளுக்கு வந்தது.

"டிகிரி படிச்ச பொண்ணு கூட வர்றான்னா அந்த வீட்டுக்காரங்க வாயடைச்சுப் போவாங்க" என்றார் உம்பு. "இந்தத் தீவுல எவன் வீட்டுலயும் இப்படி ஒருத்தி போனது கிடையாது. சரின்னு சொல்லு, முழு மார்க் போடறேன். பட்டத்தை வாங்கிட்டே போ. இல்லேன்னா எனக்குப் பேனா பிடிக்க வராது."

யுப்லினா வெளியே வந்தாள். படிக்காதவளாக இருந்திருந்தால் ஒருவேளை வேறு யாரையாவது அனுப்பியிருப்பார்கள். நாலு வருஷம் விளக்கெரியப் படித்த படிப்பு அவளுடைய விலையைத்தான் ஏற்றியிருக்கிறது.

நடந்ததை இரண்டு பக்கம் எழுதி, தேவாலய மேட்டில் ஏறி நின்றால் மட்டும் கிடைக்கிற சிக்னலில் பேராசிரியர் செவெரினுஸுக்கு அனுப்பினாள். அவர்தான் குழுவுக்குப் பொறுப்பாளர். கடைசி நாளன்று வருகிறேன், அதுவரை பெரியவரிடம் முகம் கொடுத்துப் பேசு என்று பதில் வந்தது.

வந்தார். உம்பு வெற்றிலைக் கூடையை முன்னால் வைத்து வரவேற்றார். பன்றி வெட்டினார். நல்ல சிவப்புச் சாயம் போட்ட நெசவுத் துணி ஒன்றைப் பேராசிரியரின் தோளில் போர்த்தினார். யுப்லினா அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டபோது அவர் அந்தத் துணியின் குஞ்சத்தைத் தடவிக்கொண்டே பேசினார்.

"இது அவங்க மரபும்மா. நாம சேவை செய்ய வந்தவங்க, குலைக்க வந்தவங்க இல்ல. இப்போதைக்குச் சரின்னு சொல்லி வை. பின்னால பாத்துக்கலாம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. இந்த ஆளிடம் போய் இரண்டு பக்கம் எழுதினோமே என்று தன்மேல்தான் எரிச்சல் வந்தது.

விடைபெறும் கூட்டத்தில் பேராசிரியர் கல்வி, ஆராய்ச்சி, மக்கள் சேவை என்று முக்கால் மணி நேரம் பேசினார். பதிலுக்கு உம்பு, இந்த வீட்டில் மேல் கீழ் கிடையாது, எல்லாரும் ஒரே குடும்பம் என்றார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் தெம்பில் அவர், காபித் தட்டோடு கீழே மண்ணில் நின்றுகொண்டிருந்த கஹியைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாகச் சரி என்பதைத் தவிர வேறு சொல் பேசாதவள் அவள்.

"கஹி, உன் மக சின்ன ரம்புகூடப் போறா இல்ல? சார் காதுல விழச் சொல்லு."

கஹி தட்டைத் தரையில் வைத்தாள்.

"போக மாட்டா."

"என்ன சொன்ன?"

"நான் வந்தது போதும், உம்பு. அவ போக மாட்டா."

ரம்பு ஹராகாய் பாயிலிருந்து எழுந்துவிட்டாள். "இத்தனை வருஷம் சோறு போட்ட வீட்டுல நின்னுக்கிட்டு இந்தப் பேச்சுப் பேசற?"

"சோறு நான்தான் ஆக்கினேன், ரம்பு."

பேராசிரியர் தொண்டையைக் கனைத்து, நல்ல நாளில் இதெல்லாம் வேண்டாமே என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. லாரி வந்து நின்றது. யுப்லினா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோரிஸ் மேலே ஏறி இன்னொரு கையைப் பிடித்துத் தூக்கினான். கட்டிய துணியோடு வந்தவள், அதே மாதிரிதான் போனாள்.

மறுநாள் காலை உம்பு காவல் நிலையத்துக்குப் போய்த் திருட்டுப் புகார் கொடுக்க வேண்டும் என்றார். காவலர் மரியாதையாக நாற்காலி போட்டு, என்ன திருடு போயிற்று, குதிரையா, எருமையா என்று கேட்டார். வீட்டு ஆள் என்றார் உம்பு.

"எத்தனை வயசு?"

"அம்பது இருக்கும்."

"பெரியவங்க தன் காலால நடந்து போயிருக்காங்க. சொந்தமா, வேலைக்காரியா? சம்பளம் பாக்கி ஏதாவது உண்டா? நான் என்னன்னு எழுதறது, உம்பு?"

எழுத வேண்டிய சொல் உம்புவுக்குத் தெரியும். அதைச் சொன்னால் உள்ளே உட்கார வேண்டியவர் தாம்தான் என்பதும் தெரியும். எழுந்து வீட்டுக்குப் போனார்.

காவல் நிலையத்துக்குக் கிடைக்காத வார்த்தை பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. அடுத்த மாதம் முடிவு வந்தது. எட்டுப் பேருக்கு முதல் தரம். யுப்லினாவின் பெயருக்கு எதிரே 'உள்ளூர் மரபை மதிக்கத் தவறினார், தேர்ச்சி இல்லை' என்று இருந்தது. கீழே முனைவர் செவெரினுஸின் கையெழுத்து.

குபாங்கில் அவளுடைய வாடகை அறையில் கஹி சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். தாளில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். யுப்லினா வாசித்துக் காட்டினாள். அடுத்த வருஷம் வேறொரு கிராமத்துக்கு மறுபடியும் நாற்பது நாள் போக வேண்டும், போனால்தான் பட்டம் என்றாள்.

கஹி அடுத்த சோளத்தைக் கையில் எடுத்தாள்.

"போயிட்டு வா" என்றாள். "எங்க இருக்கணும்னு எனக்குச் சொல்ல இனிமே ஆள் கிடையாது. நான் இங்கதான் இருப்பேன்."