சாவான குறட்டை

பன்னிரண்டாம் வகுப்புக்கு இறையியலும் மெய்யியலும் எடுக்கும் ஃபாதருக்கு மாணவிகள் வைத்திருந்த பெயர் 'எனவே'. அந்தச் சொல்லில் ஏறி நிற்காமல் அவரால் எந்த வாக்கியத்திலிருந்தும் இறங்க முடியாது. மறைமாவட்டத்து ஆயர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைப் பார்வையிட்ட அன்று, கடவுள் இருக்கிறார் என்று நிரூபித்து முடித்து, "எனவே..." என்று அவர் கையை உயர்த்தினார். நடு பெஞ்சிலிருந்து ஒரு குறட்டை பதில் சொன்னது.

மறுநாள் தலைமை சிஸ்டரின் அறையில் விசாரணை. குறட்டைக்காரியும் அவள் அம்மாவும் நின்றார்கள். ஃபாதர் கையெழுத்துப் போடாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. ஒரு வருஷம் வீண்.

"இது சாவான பாவம், ஆன்மாவையே கொல்லுற பாவம். எனவே, கையெழுத்துக் கிடையாது."

"சாவான பாவத்துக்கு மூணு வேணும்னு நீங்கதானே ஃபாதர் சொல்லிக்கொடுத்தீங்க? கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம். தூங்குறவளுக்கு அறிவு ஏது, சம்மதம் ஏது?"

"வாயைப் பாரு," என்று அம்மா இடித்தாள்.

தன் பாடத்தை ஒருத்தியாவது கேட்டிருக்கிறாளே என்று ஃபாதருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. முகத்தை மட்டும் விறைப்பாக வைத்துக்கொண்டார்.

"தூக்கத்துக்குச் சம்மதிக்க வேண்டாம். தூக்கத்தை வரவழைச்ச காரியத்துக்குச் சம்மதிச்சிருந்தாலே பாவம்தான். முந்தின ராத்திரி கண் முழிச்சு என்ன பண்ணின?"

"உங்க நோட்ஸைத்தான் படிச்சேன் ஃபாதர். விடிய விடிய."

கையெழுத்துப் போட ஃபாதரின் பேனா மூடி கழன்றுவிட்டது. கெடுத்தது அம்மாதான்.

"புளுகாதடி! நம்பாதீங்க ஃபாதர். உங்க நோட்ஸைப் பிரிச்சா ஒரு பக்கம் தாண்ட மாட்டா. சாப்பிட்ட கையோட விழுந்தவளைக் காலையில தண்ணி தெளிச்சுத்தான் எழுப்பினேன்."

ஃபாதர் பேனாவை மூடினார். "எனவே, பொய்யும் சேர்ந்தாச்சு."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நிமிஷம் ஃபாதர். ராத்திரி பூரா தூங்கின பொண்ணு. உங்க வகுப்பு காலையில முதல் பீரியடு. அப்பவும் தூக்கம் வந்துச்சுன்னா, காரணம் இவகிட்ட இல்லையே. அப்ப வேற யார்கிட்ட..."

ஃபாதர் தர்க்கத்தில் பட்டம் வாங்கியவர். பேச்சு எந்தத் தெருவில் திரும்பி யார் வாசலில் வந்து நிற்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டர் வாக்கியத்தை முடிப்பதற்குள் கையெழுத்து விழுந்தது.

"சம்மதமில்ல, பாவமுமில்ல. போம்மா, போய்ப் படி."

அம்மா விடவில்லை. "அப்ப அந்தப் பொய், ஃபாதர்?"

"அற்ப பாவம்! அற்ப பாவம்!" என்று கதவைப் பார்த்துக் கையை வீசினார்.

வெளியே போகப் போன மகளை சிஸ்டர் மெல்லக் கூப்பிட்டார்.

"அந்த நோட்ஸை எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடும்மா. ராத்திரியில கண்ணே மூட மாட்டேங்குது."