அரை மணி நேரக் காற்று

இரண்டாயிரத்தெட்டாம் வருடம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பகல் இரண்டு மணிக்கு, வருசநாட்டு மலையடியில் ஒரு வேப்பிலைகூட அசையவில்லை. புதிதாக நிறுத்திய காற்றாலை மூன்று இறக்கைகளையும் விரித்துக்கொண்டு சும்மா நின்றது. அதன் கீழே, கட்டுப்பாட்டு அறையின் தகர நிழலில், உதவி மின்பொறியாளர் ஷர்மின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒரு கையெழுத்துக்காகக் காலையிலிருந்து பதினோரு பேர் காத்துக் கிடந்தார்கள்.

கையெழுத்து என்னவோ சின்னதுதான். காற்றாலை சுற்ற வேண்டும். அதிலிருந்து வரும் மின்சாரம் மீட்டரில் ஒரு யூனிட்டாவது ஏற வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து, 'இயங்கியது' என்று எழுதி அவள் தேதி போட வேண்டும். இன்றைய தேதி என்றால், எந்திரத்தை வாங்கிய நூற்பாலை முதலாளி அதன் விலையில் ஒரு பெரும் பங்கைத் தேய்மானம் என்று காட்டி, இந்த வருட வரியைக் குறைத்துக்கொள்ளலாம். நாளைய தேதி என்றால் சலுகை ஒரு வருடம் தள்ளிப்போகும். இந்தப் பள்ளத்தாக்குக்குக் காற்று வருவது வைகாசியில், வரிக்குக் கெடு மார்ச்சில். சட்டம் போட்டவர்கள் காற்றிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"நீங்களே சொல்லுங்க மேடம்," என்றான் காற்றாலைக் கம்பெனி மேனேஜர் நாகராஜ். கோயம்புத்தூர் பக்கத்துக்காரன். காலையிலிருந்து மூன்று சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்திருந்தான். "தினமும் ஊருக்கு ஊர் கரண்ட் கட்டுங்க. இதுல புகை உண்டுங்களா, கரி உண்டுங்களா? இதுக்குச் சலுகை குடுத்தா என்னங்க தப்பு?"

"காத்துல கரண்ட் எடுக்கத்தான் சார் சலுகை. காயிதத்துல எடுக்குறதுக்கில்ல."

சொல்லிவிட்டாளே தவிர, அவன் பேச்சில் பாதி அவளுக்கும் சம்மதம்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது. கல்லூரியில் காற்றாலையைப் பற்றித்தான் அவள் ஆய்வே செய்தாள். முதல்முதலாக ஒன்று சுற்றியதைப் பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றவள் அவள்.

அந்த நேரத்தில்தான் ஜக்கம்மா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டிருந்தாள். ஷர்மினுக்கு அவளை நன்றாகத் தெரியும். அலுவலகத்துக்கு இரண்டு முறை மனுவோடு வந்தவள்.

விஷயம் இதுதான். மலையிலிருந்து இறங்குகிற ஓடை, காற்றாலை நிற்கிற மேட்டைத் தொட்டுக்கொண்டு போய் ஊர்க் கண்மாயில் விழும். நீள நீளமான இறக்கைகளை ஏற்றிய லாரிகள் மேட்டுக்கு வர வேண்டுமே என்று கம்பெனி அந்த ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி மூடி, மேலே பாதை போட்டுக்கொண்டது. மூன்று குழாய் பதித்துத்தான் பாதை போட வேண்டும் என்று பஞ்சாயத்து எழுதிக் கொடுத்திருந்தது. ஒரு குழாய்கூட வரவில்லை. போன ஐப்பசி மழையில் வந்த தண்ணீர் அந்தக் கரையில் முட்டித் திரும்பித் தரிசில் ஓடிப்போனது. கண்மாய்க்கு வந்தது மாடு குடிக்கத்தான் கண்டது. ஜக்கம்மாவின் இரண்டு ஏக்கர் திராட்சையில் ஓர் ஏக்கர் பந்தலிலேயே காய்ந்தது.

ஆனால் ஊர்க்காரர்கள் முதல் மனுவில் எழுதியது என்ன? 'காற்றாடி மேகத்தை விரட்டுகிறது, மழை பெய்யவில்லை.' முதல் மூன்று பத்தியும் அதுதான். ஓடையைப் பற்றி நாலாவது பத்தியில் ஒரு வரி. மேகத்தைப் படித்ததுமே அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள், நாலாவது பத்திக்கு யாரும் போகவில்லை. சிரித்தவர்களில் ஷர்மினும் ஒருத்தி. இரண்டாவது மனு ஓடையைப் பற்றி மட்டும்தான் இருந்தது. அதற்குள் அந்த ஊர் மனு என்றாலே மேகம் என்று ஆகிப்போயிருந்தது.

"மேகத்த வெரட்டுதுன்னு ஏங்க்கா எழுதுனீக?" என்று ஷர்மின் இப்போது கேட்டாள்.

"ஊர்ல அப்பிடித்தான் சொன்னாக. நானும் கைநாட்டு வச்சேன். அது வெரட்டுதோ இல்லையோ ஆத்தா, வந்த தண்ணிய இந்தக் கரைதான வெரட்டுச்சு? சித்திர மழைக்கு இன்னும் இருவது நாள்தான் கெடக்கு. இந்தத் தண்ணியும் வரலேன்னா மிச்சக் கொடியும் போச்சு. நானும் விடியக்காலம் கம்பத்துல ஜீப்புல தொத்திக்கிட்டு ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்."

ஜக்கம்மா தலையை நிமிர்த்தி இறக்கைகளைப் பார்த்தாள்.

"காத்துக்காகவா உக்காந்திருக்கீக? நாலே காலுக்கு வரும். மெட்டுக் காத்து. கம்பமெட்டுப் பக்கமிருந்து எறங்கும். பங்குனியில நான் சோளம் தூத்துறதே அதுலதான். அரை மணி நேரம் நிக்கும், பெறகு படுத்துரும்."

நாகராஜ் சிரித்தான். "ரெண்டு வருசமா உசரமா மாஸ்ட் நட்டுக் காத்த அளந்திருக்கோம் ஆத்தா. எங்க கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணும் காணலீங்க."

மாதத்துக்கு ஒரு சராசரி போடுகிற கம்ப்யூட்டருக்கு அரை மணி நேரக் காற்று எங்கே தெரியப் போகிறது?

நாலு பத்தொன்பதுக்கு ஷர்மினின் தலைத்துணி கன்னத்தில் அடித்தது. வேலியோர எருக்கஞ்செடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மேலே பார்த்தாள். இறக்கை ஒன்று, அரைத் தூக்கத்தில் எழுகிற ஆள் மாதிரி, மெல்ல நகர்ந்தது.

"மேடம்! பிரேக்கரப் போடுங்க மேடம்!" நாகராஜ் ஓடி வந்தான். பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள். எந்திரத்தை மின்கம்பியோடு இணைக்கிற பிரேக்கரின் சாவி ஷர்மினின் பையில் இருந்தது. அவள் மின் இணைப்புக் கொடுத்தால்தான் எந்திரம் முறையாக ஓடி மின்சாரத்தை அனுப்ப முடியும். இல்லையென்றால் அது வெறும் விளையாட்டுக் காற்றாடிதான்.

அவள் சாவியை எடுத்தாள். ஃபைலையும் எடுத்தாள். பஞ்சாயத்துக் கடிதத்தைப் புரட்டி அவன் முன்னால் நீட்டினாள்.

"மூணாவது நிபந்தனை. குழாய் எங்கன சார்?"

"அது பஞ்சாயத்துச் சமாச்சாரமுங்க. உங்க வேலை இல்லீங்களே!"

அவன் சொன்னது உண்மைதான். இதே வாக்கியத்தைத்தான் தன் மேசைக்கு முன்னால் நின்ற ஜக்கம்மாவிடம் இரண்டு முறை ஷர்மின் சொல்லி அனுப்பியிருந்தாள். அது இப்போது வேறொருவன் வாயிலிருந்து வந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என் வேலை இல்லதான். ஆனா சாவி என்கிட்ட இருக்கு. கரைய வெட்டி ஓடையத் தெறங்க. தெறந்ததும் லைன் குடுத்துக் கையெழுத்தும் போடுறேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. கம்பத்தில் மகள் சாதியாவை இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். எந்த மூலைக்குத் தூக்கியடிப்பார்களோ?

நாகராஜ் வாதாடவில்லை. வாதாட நேரமில்லை. "சின்னக்கருப்பு! கரைய வெட்டு, சீக்கிரம்!" என்று கத்தினான். பொக்லைன் ஓட்டுகிற சின்னக்கருப்பு பக்கத்து ஊர்க்காரன். முதலில் அவன் நம்பவில்லை. இரண்டாம் முறை கத்தியதும் வண்டியை உருமவிட்டான். செம்மண் பறந்தது. ஜக்கம்மா கரையோரத்தில் நின்று, ஒவ்வொரு அள்ளுக்கும் ஒரு அடி முன்னால் வைத்தாள். ஷர்மின் கடிகாரத்தையும் இறக்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம். பதினைந்து. இறக்கைகள் நன்றாகவே சுற்றத் தொடங்கியிருந்தன. அரை மணி நேரம் என்றாளே, போதும், போதும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இருபத்திரண்டு நிமிடத்தில் ஓடை மறுபடியும் ஓடையானது. நடுவில் ஓர் ஆள் ஆழத்துக்கு வெட்டு விழுந்தது.

ஷர்மின் ஓடிப்போய்ப் பிரேக்கரைப் போட்டாள். திரையில் விளக்குகள் எரிந்தன. ஆனால் மீட்டர் அசையவில்லை.

"என்ன சார்?"

"சிஸ்டம் தன்னைத்தானே பத்து நிமிசம் செக் பண்ணும்ங்க. அப்புறந்தான் கரண்ட லைனுக்கு விடும்."

அவன் முதலிலேயே சொல்லியிருக்கலாம். அவளும் கேட்டிருக்கலாம். திரையில் காற்றின் வேகம் தெரிந்தது. ஐந்து. நாலரை. மூன்று. எருக்கஞ்செடிகள் நிமிர்ந்தன. இரண்டு. ஒன்று. வெளியே இறக்கைகள் ஒரு அரைச் சுற்றுச் சுற்றி நின்றுபோயின.

மீட்டரில் பூஜ்யம்.

நாகராஜ் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். பேனாவையும் மூடி கழற்றி வைத்தான்.

"சுத்துனத நீங்களே பாத்தீங்க. ஓடையத் தெறந்தாக் கையெழுத்துப் போடுறேன்னு நீங்கதான் சொன்னீங்க. தெறந்தாச்சுங்க."

அவள் கைப்பேசி அடித்தது. மேலதிகாரி. அவருக்கு அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். "றெக்கை சுத்துச்சா இல்லையா? சுத்துச்சுல்லம்மா. ஒரு யூனிட்டுன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போ. பிள்ளைக்காரி, ஏன் வம்பு?" என்று வைத்துவிட்டார்.

ஷர்மின் பேனாவை எடுத்தாள். வாக்குக் கொடுத்தது நிஜம். எழுதாவிட்டால் இன்றைக்கே ஓடையை மூடுவான், அதுவும் நிஜம். ஒரே ஒரு யூனிட். யாருக்கு என்ன நஷ்டம்? வேறு எங்கோ நாலு பேர் கட்டுகிற வரியில் அது கரைந்துபோகும். ஜக்கம்மாவின் கொடியாவது பிழைக்கும். அவள் 'இ' என்று எழுதிவிட்டாள்.

வாசலில் நிழல் தட்டியது. முழங்கால் வரை செம்மண்ணோடு ஜக்கம்மா நின்றாள்.

"நின்னுருச்சே ஆத்தா," என்றாள்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை. சோளம் தூற்றும்போது காற்று விழுந்தால் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாளே, அப்படித்தான் சொன்னாள். நின்றது நின்றதுதான். அந்தக் காற்றை நம்பித்தானே இத்தனை வருடமாக இவள் முறத்தைத் தூக்குகிறாள்?

ஷர்மின் எழுதியதை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: '31-3-2008, மாலை 5.05 வரை மின் உற்பத்தி பூஜ்யம். இயங்கவில்லை.' கையெழுத்துப் போட்டாள்.

நாகராஜ் படிவத்தைப் பார்த்தான். வெளியே பாய்ந்தான்.

"சின்னக்கருப்பு! மூடுடா கரைய! இப்பவே மூடு!"

ஜக்கம்மா திரும்பி ஷர்மினைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஷர்மினால் தாங்க முடியவில்லை. "என்னைய மன்னிச்சிருங்க அக்கா" என்று சொல்ல வாயெடுத்தபோது அவள் அங்கே இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். வெட்டுக்குள் இறங்கினாள். நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பொக்லைனின் கை மண்ணை அள்ளிக்கொண்டு அவள் தலைக்கு மேலே வந்து நின்றது.

"போடுடா!" என்றான் நாகராஜ்.

சின்னக்கருப்பு எஞ்சினை அணைத்தான். "மண்ண வெட்டச் சொன்னீக, வெட்டுனேன். ஆள் மேல போடுறதுக்கு வேற ஆளப் பாருங்க சார்."

கண்மாய்ப் பக்கத்துக் கொல்லைகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வந்து வந்து ஜக்கம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் நாகராஜ் திரும்பிப் பார்த்தான். மேட்டின் மேலே, காற்றாலையைத் தூக்கி நிறுத்திய ராட்சதக் கிரேன் நின்றுகொண்டிருந்தது. நாள் வாடகைக்கு வந்தது. நாளைக் காலை அது வேறொரு மேட்டில் இருக்க வேண்டும். அது வெளியே போவதற்கு இருந்த ஒரே பாதையை, காற்று போய்விடுமே என்ற அவசரத்தில், அவனே நின்று வெட்ட வைத்திருந்தான்.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கிரேன் வெளிய போகணும்ல?" என்றாள் ஜக்கம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "மூணு குழாயோட வாங்க. நாங்களே எந்திரிச்சு வழி விடுறோம்."

ஷர்மினின் ஜீப்பும் மேட்டில்தான் மாட்டிக்கொண்டது. டிரைவரிடம் சொல்லிவிட்டு, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் வெட்டுக்குள் கவனமாக இறங்கினாள். பைக்குள் கைப்பேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஜக்கம்மா நிமிர்ந்தாள். "கையெழுத்துப் போடலையா?"

"மீட்டர் சுத்தலையே அக்கா."

"ஒன்னைய மாத்திப்புடுவாகளே."

"மாத்துவாக."

ஜக்கம்மா எழுந்து, அவள் முழங்கையைப் பிடித்து மறுகரையில் ஏற்றிவிட்டாள். ஏற்றிவிட்டுத் திரும்பித் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போலக் கூப்பிட்டாள்.

"ஆத்தா, நாளைக்கு நாலே காலுக்கு வா. கட்டாயம் சுத்தும். அப்பப் போடு கையெழுத்து."