ஆயத்தமான ஆள்

…அப்படிப் பார்த்தால் ஆபீஸில் போன் எடுக்கிற பெண்ணைக் கணக்கில் சேர்க்க முடியாது, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள், உடம்பு இளைக்கப் பொடி விற்க ஒருத்தன் வந்தபோதும் இதே ஆர்வத்தோடுதான் தலையாட்டினாள், அந்தப் பொடி டப்பா இன்னும் அவள் மேசை மேல் திறக்காமல் இருக்கிறது, தலை ஆடுவதும் மனம் திறப்பதும் ஒன்றாகிவிடுமா என்ன… "கிளட்சை முழுசா அமுக்குங்கம்மா. முழுசா. இப்ப கியரைப் போடுங்க." வண்டி ஒருமுறை குலுங்கிவிட்டு நகர்ந்தது. சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளின் வலது கால் தன் பக்கத்து பிரேக்கின் மேல் தொட்டும் தொடாமலும் இருந்தது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களின் வண்டியில் இந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், இத்தனை வருஷத்தில் அந்தக் காலுக்குத் தனியாகவே ஒரு புத்தி வந்துவிட்டது, சினிமா பார்க்கும்போதுகூட நாற்காலிக்கு அடியில் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும். புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்திலும் மிதித்துக்கொண்டிருந்தாள், போதகர் பேசப் பேச. உங்களைச் சுற்றி இருக்கிறவர்களில் ஒருவரை, தம் வார்த்தையைக் கேட்க, ஆண்டவர் ஏற்கெனவே ஆயத்தம் பண்ணி வைத்திருக்கிறார், நீங்கள் போய் உருவாக்க வேண்டியதில்லை, கண்டுபிடித்தால் போதும், அடுத்த வாரம் வரும்போது அந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். மற்றவர்கள் முகமெல்லாம் உடனே தெளிந்துவிட்டது, ஆளுக்கொரு மச்சான், ஆளுக்கொரு மேலதிகாரி. அவளுக்கு மட்டும் வெறும் சாலை தெரிந்தது. பக்கத்தில் இருந்த அத்தை, அதாவது அவள் மாமியார், முழங்கையால் இடித்து, "உனக்கென்னடி, தினமும் ஒவ்வொருத்தரா கதவைச் சாத்திக்கிட்டு உன்கூடத்தானே உட்கார்ந்திருக்காங்க, இறங்கி ஓடக்கூட முடியாது. எனக்கு மட்டும் அந்த சீட்டு கிடைச்சிருந்தா…" என்று காதில் சொன்னாள். அத்தை சொன்னால் செய்யக்கூடியவள்தான். காய்கறி வாங்கப் போனால் பையில் கத்தரிக்காயும் வாயில் யாரோ மூன்று பேருடைய கஷ்டமுமாகத் திரும்பி வருகிற ஆள், அவளிடம் மனிதர்கள் எப்படித்தான் போய் விழுகிறார்களோ.

"ஸாரி, ஸாரி," என்றாள் ஓட்டிக்கொண்டிருந்த அம்மா, கடந்து போன ஒரு சைக்கிளைப் பார்த்து. கண்ணாடிகள் ஏற்றித்தான் இருந்தன, சைக்கிள்காரனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் எதற்கு என்று விளங்கியிருக்காது. டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவளுக்கு ஸாரி அம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள், பேரப்பிள்ளை எடுத்த வயதில் முதன்முதலாக ஸ்டியரிங்கைத் தொட்டவள், வேகத்தடைக்குக்கூட ஸாரி சொல்வாள். இத்தனை காலம் கணவர் ஓட்டினார், இவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், போன வருஷம் அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கி, மற்றதிலும் மங்கி, வைத்தியம் எல்லாம் ஓய்ந்து, இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிகிறதாம். வண்டி வாசலிலேயே தூசி படிந்து நின்றது. விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்களாம், இவள்தான் வேண்டாம், நான் கற்றுக்கொள்கிறேன் என்றாளாம். இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? துக்கம் வந்த வீடு உழுத நிலம் மாதிரி என்று போதகர் சொன்னாரே. ஆயத்தமானவர்கள் நம்மை விரும்பி ஏற்றுக்கொள்வார்கள் என்றார், ஸாரி அம்மா ஏற்றுக்கொள்கிறாள். கேள்வி கேட்பார்கள் என்றார், கேட்கிறாள், நிறையவே கேட்கிறாள், பாதி கியரைப் பற்றி. ஆனால்… ஒரு வீட்டில் கண் போயிற்று என்று கேட்டதும் தன் மனசுக்குள் சட்டென்று ஒரு வெளிச்சம் அடித்ததே, அது என்ன வெளிச்சம், இரக்கமா, இல்லை, ஆள் கிடைத்த சந்தோஷமா? அடுத்தவர் வீட்டுச் சுவரில் விரிசல் எங்கே என்று தட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பதற்கும் அவர்கள் பாரத்தைச் சுமப்பதற்கும் வித்தியாசம் இருக்க வேண்டுமே, எங்கே இருக்கிறது? "இண்டிகேட்டர் போடுங்கம்மா. அது வைப்பர்."

வெயிலில் வைப்பர் இரண்டு முறை கிறீச்சிட்டு நின்றது. "ஸாரி." பரவாயில்லை, எல்லோரும் போடுவதுதான். அந்தக் கணவரை நினைத்தால் மட்டும் இன்னும் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. முதல் வாரம், வகுப்பு முடிந்து வாசலில் இறங்கியபோது அவர் முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், துவைத்து மடிப்புக் கலையாத சட்டை, சவரம் செய்த முகத்தில் தாடைக்குக் கீழே ஒரு கோடு மட்டும் விட்டுப்போயிருந்தது, அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிப்போய், "ஐயா, உங்க கண்ணுக்காக எங்க சபையில எல்லாரும் ஜெபிக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வாங்க, ஆண்டவர் அற்புதம் செய்வார்" என்று சொல்லிவிட்டாள். சபையில் யாரும் அதுவரை ஜெபித்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். அவர் முகத்தைத் திருப்பவில்லை. "இந்தப் பேச்செல்லாம் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம். வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க, அது போதும்." அவ்வளவுதான். அன்றைக்கு கேட்டைச் சாத்தும்போது, ஏற்றுக்கொள்ளாத வீட்டின் தூசியைக் காலிலிருந்து உதறிப்போட வேதத்தில் சொல்லியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள், அப்படி நினைத்ததில் ஒரு சுகமும் இருந்தது, இரண்டு தெரு தள்ளிப் போன பிறகுதான் அந்த சுகத்தைக் கண்டு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்டுக்கு உள்ளே போவதில்லை. ஹாரன் அடித்தால் ஸாரி அம்மா வெளியே வந்துவிடுவாள். கதவடைத்த ஆள் அவர், கதவடைக்காத ஆள் இந்த அம்மா, இதில் குழம்ப என்ன இருக்கிறது, பாலம் தாண்டியதும் பேசிவிட வேண்டியதுதான். எப்படி ஆரம்பிப்பது… உங்க மனசு எப்படிம்மா இருக்கு? ஆஸ்பத்திரியில் கேட்பது மாதிரி இருக்கிறது. தூக்கம் வருதாம்மா? அதைவிட மோசம்.

பாலம் வந்தது, போயிற்று. மரங்கள் வரிசையாக நின்ற நீளச் சாலையில் வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது, ஸாரி அம்மாவின் தோள்கள்கூட இன்று காதுக்குப் பக்கத்தில் இல்லை, இறங்கியிருந்தன. இப்போது பேசலாம், என்று வாயைத் திறக்கும்போது அந்த அம்மாவே, "டீச்சர், ஒண்ணு கேட்கணும், தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றாள். ஆண்டவரே, இதுதானா. "கேளுங்கம்மா." "தினமும் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க கண்ணை மூடிக்கறீங்க. உதடு அசையுது." "ஜெபம் பண்றேம்மா," என்றாள், என்னவோ இதற்காகவே இத்தனை வாரம் காத்திருந்தது போல, தொடர்ந்து சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கில் வரிசையாக வந்து நின்றது. "ஜெபம்னு தெரியுது டீச்சர். என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னார்." "யாரு?" "எங்க வீட்டுக்காரர்தான். பேச்சுவாக்குல சொன்னேன், நீங்க கண்ணை மூடறதை. நாலு நாளா அதையே கேட்டுக்கிட்டிருக்கார்." வண்டி நின்றுவிட்டது. அவள் கால்தான், தானாக அமுக்கியிருந்தது, பின்னால் வந்த வேன் நீளமாக ஹாரன் அடித்தது. ஸாரி அம்மா கண்ணாடியில் வேனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் பண்ணலையே டீச்சர்," என்றாள். "இல்லம்மா. நான்தான். ஸாரி."

மறுபடி கிளப்பி, முதல் கியர், இரண்டாவது… என்னதான் சொல்கிறேன்? நாக்கில் வந்து நின்ற வரிசை கலைந்து போயிருந்தது. பாதுகாத்தருளும் என்றா? ஆரம்பத்தில் அப்படித்தான் ஏதோ சொன்னாள், முழு வாக்கியமாக, ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஆமென் வரைக்கும். வருஷங்கள் போகப் போக நடுவில் இருந்ததெல்லாம் தேய்ந்துவிட்டது, இப்போது யோசித்துப் பார்த்தால் ஆண்டவரே, ஆண்டவரே என்று இரண்டு தடவை, அதற்கு மேல் ஒன்றுமே இல்லை, கரண்ட் போன வீட்டில் அம்மா எங்கே என்று குழந்தை கூப்பிடுமே, தண்ணீர் வேண்டும் என்றோ பசிக்கிறது என்றோ இல்லாமல், சும்மா. இதைப் போய் ஒருவர் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாரா? ஏன் அவர்? இந்த அம்மா அல்லவா… "உங்களுக்கு அப்படி ஏதாவது கேட்கணும்னு தோணலையாம்மா?" என்று மெல்லத் தொட்டுப் பார்த்தாள். ஸாரி அம்மா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. "எனக்கு அதுல எல்லாம் நாட்டமே இல்ல டீச்சர். சின்ன வயசிலேருந்தே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, யாரோ பின் சீட்டில் இருப்பது மாதிரி, "வேற ஒண்ணு சொல்லட்டுமா. அவருக்குக் கண்ணு போனப்ப ராத்திரி பகலா அழுதிருக்கேன். ஆனா இதைப் பிடிச்சு ஓட்டறேன் பாருங்க, சந்தோஷமா இருக்கு. வீட்டுக்குள்ள போறப்ப முகத்தை மாத்திக்கிட்டுப் போறேன். இது பாவம்தானே?" "பாவமில்லம்மா," என்றாள் அவள் சட்டென்று. யோசிக்காமல் வந்த பதில். உழுத நிலம் என்று நினைத்தாளே, இங்கே ஏற்கெனவே என்னவோ முளைத்து நிற்கிறதே, அதற்கு இவள் விதை போடவும் இல்லை, அது என்ன செடி என்று பெயர் சொல்லவும் தெரியவில்லை. அத்தையாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு வசனம் சொல்லியிருப்பாள். இவள், "நல்லா ஓட்டறீங்க" என்று மட்டும் சொன்னாள், ஸாரி அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து இன்னும் ஒரு தெரு சுற்றவிட்டாள்.

வாசலில் வண்டி நின்றபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். "கேட்டியா?" என்றார் மனைவியிடம். "நீங்களே கேளுங்க, டீச்சர் இங்கதான் இருக்காங்க," என்று சொல்லி, சாவியை இவள் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டாள், முகத்தை மாற்றிக்கொண்டாளா என்று பார்க்க முடியவில்லை. இவள் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கணம் நின்று, திறந்துகொண்டு உள்ளே போனாள். இன்றைக்குத் தாடையில் கோடு இல்லை, சுத்தமாக மழித்திருந்தார். "வண்டி எங்கயும் இடிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கறீங்களா?" என்றார், வணக்கம் எதுவும் இல்லாமல். "வேண்டறது ஒண்ணும் இல்லங்க. கூப்பிடறேன், அவ்வளவுதான்." "எதுக்கு?" "பயமா இருக்கும்." அவர் புருவம் உயர்ந்தது. "இத்தனை வருஷமா இதே தொழில்தானே? இன்னுமா?" "தினமும்." இதை அவள் வீட்டில்கூடச் சொன்னதில்லை, அவருக்கு இவள் முகம் தெரியாது என்பதாலோ என்னவோ, சுலபமாக வந்தது. "கூப்பிட்டா பயம் போயிடுதா?" இதோ, இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், ஜெபக்கூட்டத்தில் எத்தனை சாட்சி கேட்டிருக்கிறாள், தானே எழுந்து நின்று சொல்லியும் இருக்கிறாள், பனி போல் விலகியது என்று… "போறதில்லங்க," என்றாள்.

போயிற்று, கெடுத்துவிட்டேன், என்று நினைத்தாள். அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார், உள்ளே குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "அன்னிக்கு வந்து அற்புதம் அது இதுன்னீங்க. அப்ப இதைச் சொல்லல." "சொல்லலங்க." "எனக்குக் காலையில முழிப்பு வந்ததும்தான் அதிகம்," என்றார், எது என்று சொல்லாமல். "சரி, போகலன்னு தெரியுது. அப்புறம் ஏன் கூப்பிடறீங்க, தினமும்?" கிண்டலாக இருக்குமோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள், இல்லை, கடைக்காரரிடம் எடை கேட்கிற மாதிரி நேராகக் கேட்டிருந்தார், முகம் மட்டும் சற்று விலகி, அவள் முன்பு நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஓரடி நகர்ந்து அந்தப் பார்வைக்கு நேராக வந்து நின்றாள். பதில் எங்கோ பக்கத்தில்தான் இருந்தது, கை எட்டவில்லை. "தெரியலங்க. யோசிச்சு நாளைக்குச் சொல்லட்டுமா?" "நாளைக்கு உங்களுக்கு லீவு," என்றார் அவர். "திங்கட்கிழமை சொல்லுங்க. உள்ள வந்து உட்கார்ந்து சொல்லுங்க."

அடுத்து கற்றுக்கொள்கிறவரை ஏற்றிக்கொள்ள வேண்டும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள், ஆயத்தம், ஆயத்தம் என்று ஒரே சொல் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, யாரை யார் ஆயத்தம் பண்ணியது, கதவை அடைத்தபோதே அவர் உள்ளே இந்தக் கேள்வியோடுதான் இருந்தாரா, அல்லது இவள் வாயிலிருந்து பொய் வராத முதல் நாள் இன்றுதான் என்பதால் கேட்டாரா, புதன்கிழமை போதகரிடம் இதை எப்படிச் சொல்வது, ஒருவரைக் கண்டேன் என்றா, ஒருவர் என்னைக் கேட்டார் என்றா… திருப்பத்தில் பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்து, பழக்கத்தில் கியரை மாற்றி, சாலையில் கலந்த பிறகுதான் கவனித்தாள், தான் ஓட்டும்போது அவள் கண்ணை மூடுவதில்லை. ஒரு நாளும் மூடியதில்லை. ஸ்டியரிங் இன்னொருவர் கையில் இருக்கும்போது மட்டும்தான் அந்தப் பெயரைக் கூப்பிட்டிருக்கிறாள், தன் கைக்கு வந்துவிட்டால் கூப்பிடத் தோன்றுவதே இல்லை. இதுதான் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலா, அல்லது திங்கட்கிழமைக்கு முன்னால் இவள் வேறு யாரிடமாவது சொல்லித் தீர வேண்டியதா என்று தெரியவில்லை. சிக்னல் விழுந்தது. வலது கால் எந்த பிரேக்கை மிதிப்பது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறி, பிறகு சரியானதை மிதித்தது.