திருப்பிக் கொடுக்காத புகையிலை

தெல்ஃபீன் மக்கோக்கிஸ் சிவப்புத் துணியில் முடிந்த புகையிலையை நீட்டினாள். சொய்லா ஃபரினாங்கோ இரு கைகளையும் ஏந்தி அதை வாங்கிக்கொண்டாள்.

தெல்ஃபீன் கனடாவின் கிரீ இனத்தவள். அங்குள்ள பெண்கள் சங்கத்தின் சார்பில் வந்திருந்தாள். சொய்லா, ஈக்வடார் மலையிலுள்ள கிச்வா பெண்கள் சங்கத்தின் தலைவி. கிரீ மக்கள் எதைக் கேட்பதானாலும் முதலில் புகையிலையைத்தான் நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டால் சம்மதம். ஊற்றிலிருந்து கீழ்க்குடியிருப்புக்குக் குழாய் போட, தங்களையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று தெல்ஃபீன் கேட்டிருந்தாள். உதவ வந்தவர்கள் அனுமதி கேட்டு சொய்லா அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் குழாய்களோடு லாரி வந்தது. கூடவே, இரு சங்கங்களுக்கும் நடுவில் நின்று வேலையை நடத்தும் தலைநகர அலுவலகத்தின் அதிகாரி ரிக்கௌர்த்தேயும் வந்தார். புகையிலை விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. திட்டத்தில் இருப்பவர்கள் பரிசுப் பொருள் வாங்கக் கூடாது என்பது விதியாம். தம் கண்ணெதிரே அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் குழாய்களை இறக்குவாராம்.

"ஒரு பிடி இலைதானேம்மா. குடுத்துட்டா முடிஞ்சுது," என்றார்.

கீழ்க்குடியிருப்பில் மனுவேலா, படுக்கையில் கிடக்கும் மாமனாருக்காகத் தினமும் இந்தச் சரிவில் தண்ணீர் சுமக்கிறாள். லாரி திரும்பிப் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? சொய்லா தெல்ஃபீனைப் பார்த்தாள். 'கொடு' என்றும் 'கொடுக்காதே' என்றும் சொல்லாமல் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நான் வாங்குனது இலை இல்ல. அவங்க கேட்டதுக்குச் சரின்னு சொன்ன வாக்கு. அத எப்படி திருப்பித் தர்றது? நீங்க குழாயத் தாராளமா எடுத்துட்டுப் போங்க."

ரிக்கௌர்த்தே லாரியைத் திருப்பச் சொன்னார். அவர் மீது சொய்லாவுக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்ப மனம் வரவில்லை. அவித்த சோளமும் பீன்ஸும் துணியில் கட்டி நீட்டினாள். அவர் தலையசைத்து மறுத்தார். டிரைவர் கை நீட்டி வாங்கிக்கொண்டான். "விதி அவருக்குத்தான்க்கா. எனக்குப் பசி."

மாலையில் ஊர்க்கூட்டம் கூடியது. குழாய்களைத் தங்கள் சங்கமே நேராக அனுப்பும், ஆனால் அறுவடை முடியும்வரை ஆகலாம் என்று தெல்ஃபீன் திக்கித் திணறிய ஸ்பானியத்தில் சொன்னாள்.

"அதுவரைக்கும் புகையிலையக் கொதிக்க வெச்சுக் குடிக்கட்டுமா, தலைவியம்மா?" என்று மனுவேலா கேட்டாள். பலர் சிரித்தார்கள்.

"உன் கோவம் நியாயந்தான். வாக்கு குடுத்தது நான். குழாய் வர்ற வரைக்கும் உன் வீட்டுத் தண்ணிய நான் சுமக்குறேன்," என்றாள் சொய்லா. மனுவேலா எழுந்து போனாள்.

விடிந்ததும் சொய்லா சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, சால்வையில் தண்ணீர்க் கேனை முதுகோடு கட்டி இறங்கினாள். மற்றொரு கேனோடு தெல்ஃபீனும் தொடர்ந்தாள். பாதி வழியில் மனுவேலா மண்வெட்டியோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கீழ்க்குடியிருப்புப் பெண்களும் நின்றார்கள்.

"மாமனாருக்கு இன்னிக்கு மட்டும் நீங்க ரெண்டு பேரும் தண்ணி ஊத்திட்டு வாங்க," என்றாள் அவள். "அப்புறம் வந்து தோண்டுங்க. குழாய் எப்ப வேணா வரட்டும். குழி இல்லாம வேல நின்னுச்சுன்னு அந்த ஆபீஸ்காரன் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு, கல்லும் மண்ணுமாய்க் கிடந்த சரிவில் மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள்.